வடவானத்தின் மறுபாதி

பாளையங்கோட்டையில் கோமதிநாயகத்தின் வரவேற்பறையில் வைத்திருந்த கண்ணாடிப் பனிமுகட்டில் வடதுருவம் இருண்டுபோயிருந்தது. வாசலுக்கும் கண்ணாடிக்குமாக நடந்து பார்த்தார். பொறுக்கவில்லை. நார்வேயின் வடகோடியில் அதைச் செய்த கலைஞர் சிவதர்சினியையே தொலைபேசியில் பிடித்துவிட்டார்.

“என்னம்மா இது, கண்ணாடி கெட்டுப்போச்சா? கரிச்சட்டி மாதிரி கெடக்கு.”

“கெடேல்லை ஐயா. இஞ்ச இப்ப சூரியன் எழும்பாத காலம். வானத்தில துருவ ஒளி, அந்த வடவொளி, வந்தால்தான் பச்சை தெரியும்.”

“வெளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுல கறுப்பு ஆகாதுன்னு என் வீட்டுக்காரி லீலாவதி சொல்லுதா. அதான் கண்ணாடிக்கு முன்னால ரெண்டு டியூப்லைட்டும் சீரியல் பல்பும் போட்டு விட்டோம். இங்க வாங்கின எல்லா வீட்லயும் அப்படித்தான். அப்பவும் ஒண்ணும் தெரியலையே!”

சிவதர்சினி சன்னல் வழியே மலைச்சரிவைப் பார்த்தாள்.

உருகிய கண்ணாடி உருண்டையை இளக்கம் மாறுமுன் இரண்டாக இழுத்துப் பிரித்தால் இணைக்கண்ணாடி. பிரிந்த பிறகும் ஒளிக்கு அவை இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் விழும் வெளிச்சம் மற்றதில் வெளியே வரும், நடுவில் எத்தனை கடல் கிடந்தாலும். ஒரு பாதியைப் பனிமுகடாகச் செதுக்கி வாங்குபவருக்கு அனுப்புவாள். மறுபாதி அவள் பட்டறைக்குப் பின்னாலுள்ள மலைச்சரிவில் வானம் பார்த்து நிற்கும். வேறு மலையைக் காட்டினால் யாரும் வாங்குவதில்லை. அந்தச் சரிவில் இப்போது ஆயிரக்கணக்கான பாதிகள்.

சில மாதங்களாக அந்தச் சரிவு முழுக்க வெளிறி எரிந்துகொண்டிருந்தது. கலவையில்தான் பிழை என்று நினைத்து, உலையை அணைத்துவிட்டு, பழைய கண்ணாடிகளை உடைத்து உடைத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். வடக்கைத் தெற்குக்கு அனுப்புவதில் இருந்த மும்முரத்தில், தெற்கும் வடக்கே வரும் என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை.

“ஐயா, உங்கட லைட் வெளிச்சமெல்லாம் இஞ்சதான் வருகுது. தயவுசெய்து லைட்டை நூத்துவிடுங்கோ. இல்லாட்டி துணி போட்டு மூடுங்கோ.”

“மூடி வைக்கவா வாங்கினேன்? எங்க வீட்டு ரெண்டு லைட்டுல உங்க வானமே வெளுத்துருமாக்கும்!”

“எல்லாரும் இதைத்தான் சொல்லுவினம். நான் வானத்தைப் பார்த்துத்தான் நிறம் கலக்கிறனான். இந்த முறை வடவொளியை ஒருக்காவும் காணேல்லை. என்ர கை ஓடுதில்லை ஐயா. நித்திரையும் இல்லை.”

குரல் உடைந்துவிட்டது. அழக்கூடாது என்றுதான் இருந்தாள், முடியவில்லை.

கோமதிநாயகம் இளகிய மனசுக்காரர். “சரிம்மா, சரி. அழாதீங்க. இன்னைக்கே அணைச்சிடுதேன்” என்றார்.

ஒருவர் கேட்டால் மற்றவர்களும் கேட்பார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை வந்தது. இருந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பட்டறைக்கும் சரிவுக்குமாக அலைந்தாள். வானம் சாம்பல் பூசினாற்போல அப்படியே இருந்தது. வீடு வீடாக எப்படிச் சொல்வது, எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்று மனம் பறந்தது.

மறுநாள் அவரே அழைத்தார். குரலில் ஒரே குதூகலம்.

“அணைச்சிட்டோம்மா! லைட்ட நிறுத்தின உடனே கண்ணாடி பூரா வெளிச்சம். பச்சையெல்லாம் இல்ல. பளிச்சுன்னு டியூப்லைட் மாதிரி. இங்க இப்ப வேற லைட்டே வேண்டாம். வீடு லட்சுமிகரமா இருக்குன்னு லீலாவதி சொல்லுதா.”

சிவதர்சினி கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஐயா, அது மற்ற வீடுகளின்ர வெளிச்சம். இஞ்ச பனியில பட்டு உங்கட பாதிக்குள்ள வருகுது. உங்கட லைட் எரிஞ்சபடியால்தான் முந்தித் தெரியேல்லை. அவையளுக்கும் இண்டைக்கே சொல்லப்போறன். எல்லாரும் நூத்தால் வானம் திரும்ப வந்திடும்.”

மறுமுனையில் கோமதிநாயகம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவங்ககிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம்மா. எல்லாரும் அணைச்சிட்டா எங்க வீடு இருட்டாயிரும்லா?”