நிழல் பக்கத்துக்கு வந்த கூட்டம்

கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம்: இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு வெந்து போகட்டும்.

2081இல் யாரும் எதையும் கண்ணால் வாசிப்பதில்லை. காதுமடலில் கடுகளவு வாசிப்பி ஒட்டியிருக்கும். காவியமானாலும் மருந்துச் சீட்டானாலும் அதுவே வாசித்து, சாரத்தை மூன்றே சொல்லில் முனகிவிடும்.

சங்கரன்கோவில் காந்திமதிநாதன் பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ‘நிழல் பக்கம்’ என்றொரு வலைப்பூ எழுதினார். எந்த ஊர்ப் பேருந்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் வெயில் படாது என்பதே அதன் பொருள். பதினோரு ஆண்டுகளில் நான்காயிரம் பதிவுகள். வாசிப்பிகள் லட்சக்கணக்கில் வந்துபோயின. ஆனால் மனிதக் கண் வரிமேல் ஓடுவதை மட்டும் எண்ணுகிற கண்மானி காட்டியது ஒன்று. அந்த ஒன்று அவர் மனைவி செண்பகவடிவு.

வலை வாரியத்திலிருந்து ஓலை வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நூறு பேராவது கண்ணால் வாசிக்காவிட்டால் வலைப்பூ அழிக்கப்படும்.

“பதினோரு வருச வெயிலு, வடிவு” என்றார். சோறு இறங்கவில்லை.

“நம்ம வீட்டுக் கல்யாணப் பத்திரிகைய எவனாவது வாசிப்பிகிட்ட விட்டானா?” என்றாள் அவள். “தன் பேரு இருக்கா, யாருக்கு மேல இருக்குன்னு கண்ணாடியப் போட்டுக்கிட்டுல்லா பாத்தான்.”

மறுநாள் தென்காசிப் பதிவின் அடியில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு முப்பது பேரின் பெயரைச் சேர்த்தார். காபி ஆறுவதற்குள் பக்கத்துத் தெரு சுடலைமுத்து வாசலில் நின்றார்.

“அண்ணாச்சி, எம் மச்சினன் ஒம்பதாவது. நான் பத்தாவது. அவனுக்கு நான் மூத்தவம்லா?”

“வாசிப்பி சொல்லுச்சாக்கும்?”

“இந்த விசயத்துல அத நம்ப முடியுமா? நானே வாசிச்சேன். ரெண்டு தடவ.”

காந்திமதிநாதன் திருத்தினார். ஒரு திருத்தத்துக்கு மூன்று பேர் கோபித்தார்கள். மூவரும் ஆளுக்குப் பத்துப் பேரைச் சாட்சிக்குக் கூட்டி வந்தார்கள். வெள்ளிக்கிழமை கண்மானி நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது. அழிக்க வந்த வாரிய அதிகாரிகூடப் பட்டியலை முழுக்க வாசித்து, தன் பெயர் இல்லாததால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

தீபாவளிக்குள் வாசகர் நாலு லட்சம். பெயர்கள் பெருகப் பெருக வெயில் விவரம் ஒரு வரியாகச் சுருங்கியது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவருக்கு இடம் போதாமல் அந்த வரியும் போயிற்று.

“நான் இப்ப வாசிக்கிறதில்ல” என்றாள் செண்பகவடிவு, ஒருநாள் காபியை வைத்தபடி.

“ஏன், ஒம் பேரு விட்டுப்போச்சோ?”

“பேரு கெடக்கு. பதினோரு வருசமா நீங்க எழுதுனதப் பாத்துத்தான் நிழல்ல உக்காந்து எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வந்தேன். இப்ப எந்தப் பக்கம் உக்காரன்னு யாரு சொல்லுவா?”

அவர் உள்ளே போய் அத்தனை பெயர்களையும் நீக்கிவிட்டு எழுதினார்: ‘தென்காசி, காலை எட்டு மணி: வலப்பக்கம்.’

மறுநாள் கண்மானி ஒன்று காட்டியது. வாரியத்தின் அடுத்த ஓலை வந்த அன்று அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

2063க்குப் பிறகு அந்த வட்டாரத்தில் ஓடிய எந்தப் பேருந்துக்கும் ஜன்னல் கிடையாது; நாலு பக்கமும் அடைத்த தகடுதான்.