மைனஸ் பதினைந்தில் நான்கு மணி நேரம்

காலை ஆறு மணிக்கு இன்னாசியின் குடும்பம் வழக்கம்போலக் குளித்து, தலை துவட்டி, இறால் கிடங்குக்குள் போய் உட்கார்ந்தது. உள்ளே மைனஸ் பன்னிரண்டு டிகிரி. ஒரு காலத்தில் இறால் பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில் இப்போது வரிசையாகப் பிளாஸ்டிக் முக்காலிகள். பனியனும் கைலியுமாக ஆண்கள், பருத்திச் சேலையில் பெண்கள், அரைக்கால் சட்டையில் பிள்ளைகள். ஒருவர் ஜெபமாலை உருட்டினார். இன்னொருவர் ஹெல்வாரா மொழியின் வினைச்சொற்களை முணுமுணுத்தார். இன்னாசியின் மகள் அமலி, ஒன்பது வயது, பதினேழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் எண்ணோடும் வாயிலிருந்து ஆவி வந்தது.

தூத்துக்குடியில் மீன் ஒழிந்து இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. கடல் வெந்நீரானால் மீன் எங்கே இருக்கும்? கிடங்குகள் மட்டும் மிஞ்சின, சுவரில் இறால் வாடையோடு. வெளியே காலை எட்டு மணிக்கே நாற்பத்திரண்டு டிகிரி, நண்பகலில் ஐம்பது. பத்து மணிக்குமேல் தெருவில் நடமாடினால் ட்ரோன் வந்து தலைக்குமேல் நின்று விரட்டும். போக வழியிருந்தவர்கள் எல்லோரும் வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். துருவ வட்டத்துக்குப் பக்கத்தில் ஆண்டில் எட்டு மாதம் பனி மூடிக் கிடக்கிற ஹெல்வாரா நகரம் தமிழர்களை ஏற்றுக்கொண்டிருந்தது, ஒரு நிபந்தனையோடு. அதற்குப் பெயர் குளிர்த்தேர்வு. மைனஸ் பதினைந்தில், ஒற்றை ஆடையில், நான்கு மணி நேரம். உடம்பின் சூடு முப்பத்தாறுக்குக் கீழே இறங்கினால் தோல்வி.

வெறும் உடம்பு இதைத் தாங்காது. அதனால் விண்ணப்பிக்கிறவர்களுக்குக் கழுத்தெலும்பின் கீழே அரிசி மணியளவில் ஒரு வெப்பவிதையைப் பதிப்பார்கள். உயிருள்ள கருவி அது. ஆறு மாதத்தில் உடம்புக்குள் வேர்விட்டு, நாம் தின்கிற கொழுப்பை எரித்துச் சூடாக்கும். தினமும் அதற்குக் குளிர் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் முளைக்காது. அதற்குத்தான் இந்தக் காலை வழிபாடு.

“ஏ மைனி, ஒதடு நீலமா இருக்கே,” என்றாள் இன்னாசியின் மனைவி ஜெசிந்தா.

“சாயம் பூசியிருக்கேன். ஒனக்குப் பொறாம,” என்றாள் ரெஜினாள்.

ரெஜினாள் இன்னாசியின் அக்கா. அவனைவிடப் பதினான்கு வயது மூத்தவள், ஐம்பத்தெட்டு முடிந்துவிட்டது. கடலில் மீன் இருந்த கடைசி வருடங்களில், இதே கிடங்கில், இதே சுவருக்குள் இறால் தலை கிள்ளிக்கொண்டிருந்தவள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி குளிர்சாதன மெக்கானிக் ஆனான். கல்யாணம் கேட்டு வந்தவர்களை அவள் என்ன சொல்லித் திருப்பினாளோ, அதை யாரிடமும் சொன்னதில்லை. “இந்தக் குளிரு எனக்கென்ன புதுசா? சம்பளம் வாங்கி ஒக்காந்த எடம்,” என்பாள்.

வடக்கே போக வேண்டும் என்று முதலில் பிடிவாதம் பிடித்தவளும் அவள்தான். அமலிக்கு வெப்ப வலிப்பு இரண்டு முறை வந்துவிட்டது. இரண்டாவது முறை பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தது ரெஜினாள்தான். மூன்றாவது கோடையை இந்த உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்ன அன்றே, நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போடச் சொன்னாள்.

ஒரே விண்ணப்பத்தில் ஒரு வசதியும் உண்டு, ஒரு வினையும் உண்டு. எல்லோரும் தேறினால் எல்லோரும் ஒன்றாகப் போகலாம். ஒருவர் மூன்று முறை தோற்றால் மொத்த விண்ணப்பமும் தள்ளுபடி, அன்று மாலைக்குள் அவர் பெயரை நீக்கிக் கையெழுத்துப் போட்டால் ஒழிய.

இன்னாசியும் ஜெசிந்தாவும் முதல் முறையிலேயே தேறினார்கள். அமலி நான்கு மணி நேரமும் கதை கேட்டபடியே தேறினாள். ரெஜினாள் முதல் முறை இரண்டரை மணி நேரத்தில் சரிந்தாள், இரண்டாம் முறை மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்னால். மூன்றாம் முறை எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரம் பத்து நிமிடத்தில் அவள் முக்காலியிலிருந்து பக்கவாட்டில், ஈரத்துணி நழுவுவதுபோல நழுவினாள்.

தேர்வை நடத்துவது ‘தேர்வி’ என்ற இயந்திரம். அதற்குக் கனிவான பெண்குரல் கொடுத்திருந்தார்கள். கம்பளிக்குள் ரெஜினாள் நடுங்கிக்கொண்டிருக்க, அது பொறுமையாகச் சொன்னது: “விதை நன்றாக வேர்விட்டிருக்கிறது. ஆனால் பட்டினியாக இருக்கிறது. ஆறு மாதமாக இவர் உண்ட உணவில் கொழுப்பு மிகக் குறைவு.”

ஜெசிந்தா திகைத்துப்போனாள். “மைனி, தெனமும் ஒங்களுக்கு அளந்து வச்ச நெய்யி எங்க?”

“அமலிக்குப் போட்டேன்.” ரெஜினாள் தலையைக் குனிந்துகொண்டாள். “நான் ஒருசந்தி இருந்தேன்ட்டீ. பனிமய மாதாவுக்கு நேர்ந்துகிட்டு. மத்தியானம் ஒரு வேள கஞ்சி. நாலு பேரும் தேறுத வரைக்கும்னு.”

“அக்கா!” இன்னாசி கத்தினான். “சாப்பிட்டாத்தான் சூடு வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாவல்லா!”

“நீ கத்தாத. பனிக்கே அவதான் மாதா. குளிரத் தாங்க வரம் அவகிட்ட கேக்காம வேற யார்ட்ட கேக்கச் சொல்லுத?”

அவள் நியாயத்தில் குறை சொல்ல முடியாது. நானூறு வருடமாக அந்த ஊர் எதை வேண்டினாலும் வயிற்றைக் காயப்போட்டுத்தான் வேண்டியிருக்கிறது. அவள் ஆறு மாதம் ஒரு வேளைக் கஞ்சியில் இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. சமைத்தவள் அவள், பரிமாறியவள் அவள், கடைசியில் சாப்பிட்டவளும் அவள். கடைசியில் சாப்பிடுகிற பெண்ணின் தட்டை எந்த வீட்டில் யார் எட்டிப் பார்த்தார்கள்?

மாலை ஆறு மணிக்குள் கையெழுத்து. ஐந்தரை வரை இன்னாசி அலுவலக வாசலில் நின்றான். ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, இன்னொரு பக்கம் பெறாமலே தாயானவள். ரெஜினாள்தான் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“கைய வைல.”

“முடியலக்கா.”

“புள்ளய நெனச்சு வை. ஒரு வருசம் கழிச்சுத் தனியா எழுதிப்போடலாம்னு சொல்லுதாவ. நான் பின்னாலயே வாரேன்.”

கட்டைவிரலைத் திரையில் வைத்தபோது அவன் குழந்தைபோல அழுதான். அக்கா பின்னால் வரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

ஹெல்வாராவில் அவர்கள் பனியைத் தொடவே இல்லை. விமானத்தின் கதவிலிருந்து ஒரு குழாய்ப்பாதை, அதிலிருந்து நிலத்தடி ரயில், ரயிலிலிருந்து நேரே தமிழ் வளாகம். மூவாயிரம் பேர் வாழும் மூடிய கட்டடம் அது. கதவு திறந்ததும் முகத்தில் வந்து மோதியது வெதுவெதுப்பான காற்று. சுவரில் வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. கைலி கட்டிய ஆண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைக்குமேல் மின்விசிறி ஓடியது.

“என்னங்க, ஃபேன் ஓடுது,” என்றாள் ஜெசிந்தா மெதுவாக.

மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. விதை உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் மருத்துவ அறையில் ஓர் ஊசி போட்டு மூன்று விதைகளையும் உறங்க வைத்தார்கள். வருகிற எல்லோருக்கும் முதல் வாரமே இதைச் செய்துவிடுவார்களாம். வேலை உள்ளே, பள்ளி உள்ளே, கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் உள்ளே. வெளிப்பனியில் வேலை செய்வதெல்லாம் இயந்திரங்கள். பத்து வருடமாக இருப்பவர்களில் வெளிக்கதவைத் திறந்து பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான், அவர்களும் ஒரு போட்டோவுக்காக.

இன்னாசி தமிழ் மன்றச் செயலாளர் திருமேனியிடம் போனான். பாளையங்கோட்டைக்காரர், வந்து பதினெட்டு வருடம் ஆனவர்.

“அண்ணாச்சி, உள்ள முப்பத்தொண்ணுல இருக்கதுக்கு மைனஸ் பதினஞ்சுல பரீட்ச எதுக்கு?”

திருமேனி சிரித்தார். “நாங்க வரும்போது அதெல்லாம் கெடையாது தம்பி. பெறவு கூட்டம் தாங்கல. மன்றத்துல கூடிப் பேசி, நாமதான் நகராட்சிக்கு எழுதிக் கேட்டு வாங்குனோம். இல்லாட்டி மொத்த ஊரும் வந்து எறங்கிரும்லா?”

இன்னாசி அறைக்குத் திரும்பி நடந்தான். அக்கா இங்கே ஒரு விசிறியின் கீழே உட்கார்ந்து அமலிக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கலாம். விதையும் வேண்டாம், விரதமும் வேண்டாம். அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் வெகுநேரம் அழுதான்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைத் திரையில் அழைக்கும்போது கம்பளித் தொப்பியும் கழுத்துத் துண்டும் போட்டுக்கொண்டு உட்காருவான். அமலிக்கும் ஒரு ஸ்வெட்டர். பேசி முடிக்கிற வரை முதுகில் வியர்வை ஓடும்.

“குளிரு ரொம்பவோல?” என்று கேட்பாள்.

“தாங்க முடியலக்கா.”

“நல்லவேள, நான் வரல,” என்று அவள் சிரிப்பாள். முகம் உருண்டு, உடம்பு பூசினாற்போல ஆகியிருந்தது. நாங்கள் வந்தபிறகாவது அக்கா நிம்மதியாகச் சாப்பிடுகிறாள் என்று அவன் ஆறுதல்பட்டுக்கொண்டான். அந்தக் கோடையில் அவள் தெருவில் பதினொரு பேர் வெயிலில் செத்திருந்தார்கள். அவள் அதைச் சொல்லவில்லை, இவன் செய்தியில் படித்தான்.

ஒரு வருடம் போனது. வளாகத்தில் நெருக்கடி. பள்ளி இரண்டு ஷிப்டாகிவிட்டது. அடுத்த மாதம் வரும் குடும்பங்களுக்காகப் பெரிய அறைகளைத் தடுக்கப்போவதாக அறிவிப்பு ஒட்டினார்கள். பட்டியலில் இன்னாசியின் அறையும் இருந்தது. மன்றம் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது: குளிர்த்தேர்வை மைனஸ் பதினைந்திலிருந்து மைனஸ் இருபதாக்க வேண்டும், உடனே.

“என்ன ஆனாலும் நான் கை தூக்க மாட்டேன்,” என்றான் இன்னாசி, கூட்டத்துக்குக் கிளம்பும்போது.

“தூக்க வேண்டாம்,” என்றாள் ஜெசிந்தா. சற்றுக் கழித்து, “அமலிக்கு இப்பத்தான் படிக்க ஒரு மூல கெடச்சிருக்கு,” என்றாள்.

மண்டபத்தில் திருமேனி தீர்மானத்தை வாசித்தார். முன்வரிசையில் கைகள் உயர்ந்தன. பொதுப்பெட்டியில் முட்டி மோதி ஏறியவன், கால் வைக்க இடம் கிடைத்ததும் அடுத்த ஸ்டேஷனில் கதவைச் சாத்துவான். அதே கைகள்தான் இவையும். இன்னாசி கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவால் பதினைந்திலேயே நிற்க முடியவில்லை, அது இருபதானால் அவளுக்கு என்ன நட்டம் என்று ஒரு யோசனை வந்தது. இப்போது தேர்வு ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால், அன்று நான் கையெழுத்துப் போட்டது எதற்காக என்று இன்னொரு யோசனை வந்தது. இரண்டாவதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தார். கை மேலே போனது.

ஆதரவு ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு, எதிர்ப்பு நாற்பத்தொன்று. அவன் ஒருவன் தூக்காமல் இருந்திருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. அந்த வார்த்தையைத் தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டு வீடு திரும்பினான்.

நகராட்சி மறுநாளே அதை ஏற்றுக்கொண்டது. அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அவன் அழைப்பதற்குள் ரெஜினாளே அழைத்துவிட்டாள். திரையில் அவள் பின்னால் பிளாஸ்டிக் முக்காலிகள் தெரிந்தன. பருத்திச் சேலை, வெறுங்கை, வாயில் ஆவி.

“லே தம்பி! சொல்லாம வச்சிருந்தேன். நேத்து நாலு மணி நேரம், மைனஸ் பதினஞ்சுல! முப்பத்தாறரைக்குக் கீழ எறங்கல. மாதாட்ட மன்னிப்புக் கேட்டுட்டு, ஒரு வருசமா நெய்யா முழுங்குனேன்ல. பாரு, எப்படி இருக்கேன்!”

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். அமலி “அத்தை வாராவ!” என்று துள்ளினாள். இன்னாசி கம்பளித் தொப்பியை எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டான்.

“ஆனா அந்த மெஷினு ஒண்ணு சொல்லுது,” என்றாள் ரெஜினாள். “அங்க தமிழ் மன்றத்துல கேட்டு, போன வாரத்துல இருந்து அளவு மாறிட்டாம். இங்க உத்தரவு இன்னைக்குத்தான் வந்துச்சாம். இருவதாம். நான் நேத்து நின்னது செல்லாதாம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு. பெறவு ஒக்காந்து யோசிச்சுப் பாத்தேன். அங்க இருக்கவியளும் நம்ம ஆளுகதான, சும்மாவா கூட்டுவாவ? அங்க குளிரு கூடிருக்கும். வாரவிய செத்துரக் கூடாதுல்லா, அதுக்குத்தான் கூட்டிருப்பாவ. அப்பிடித்தானல?”

அவள் முகத்தைத் திரைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து பதிலுக்குக் காத்திருந்தாள்.

“ஆமாக்கா,” என்றான் இன்னாசி. “இந்த வருசம் ரொம்பக் கூடிருச்சு.”