வேர் இல்லாத பல்

கிளிப்பில் தொங்கிய சின்னப் படத்தில், இருக்கக் கூடாத ஒரு வேர் இருந்தது.

ஈவா அதைச் சிவப்பு விளக்கருகே கொண்டுபோனாள். அருப்புக்கோட்டையில் டாக்டர் செல்லத்துரையின் பல் ஆஸ்பத்திரி இருட்டறையில் ஆறு வருஷமாக அவள்தான் எக்ஸ்ரே கழுவுகிறாள். பால்பல்லின் வேர் கரைந்த பிறகுதான் பல் விழும். திங்கட்கிழமை எடுத்த படத்தில் வேர் இல்லை. இன்று புதன். நூல்போல ஒரு வேர், அதன் நடுவே கறுப்பாய் ஒரு குழல்.

அது செத்துப்போன மகள் சுஜிதாவின் பல்.

டாக்டர், பிடுங்கிய பற்களை அமிலத்தில் ஊறவைத்து, மையேற்றி, மூட்டுவலி மருந்து வாசமடிக்கும் தைலத்தில் போட்டுவைப்பார். பல் கண்ணாடியாகிவிடும்; உள்ளே நரம்பு ஓடிய வழி மட்டும் கறுப்பாய்க் கிளைவிட்டு நிற்கும். அந்தப் பாட்டில்களைத் துடைக்கும்போதுதான் ஈவாவுக்கு ஆசை வந்தது. மகளின் உயிர் ஓடிய தடம் அவள் பல்லிலும் மிச்சமிருக்குமே! அமிலத்தில் போட மனம் வரவில்லை. படம் எடுத்தாள்.

போன வருஷம் அந்தப் பல் விழுந்தபோது சுஜிதா அதைச் சாணி உருண்டைக்குள் வைத்து நீட்டினாள்.

"ஓட்டு மேல எறிஞ்சிட்டு வாம்மா. இல்லேன்னா புதுப் பல்லு முளைக்காதாம்."

"இருடீ, வேல கெடக்கு. நாளைக்கு எறியலாம்."

மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள், பாலவனத்தம் கல்லறைத் தோட்டத்தில், இறுகிய கரிசலைக் கடப்பாரையால் பிளந்துதான் குழி வெட்டினார்கள். சாணி காய்ந்து உதிர்ந்தது. பல்லை ஈவா எறியவே இல்லை.

"யாரு பல்லு ஈவா?" டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"சும்மா, பழகிப் பாக்க எடுத்தேன் டாக்டரய்யா. விழுந்த பல்லு."

"விழுந்த பல்லுக்கு வேரு முளைச்சா, நம்ம கடைய மூடிட்டுப் பருத்தி வெதைக்கப் போகவேண்டியதுதான். படம் மாறிருக்கும், போம்மா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைசி நோயாளியும் போனபின் இன்னொரு படம் எடுத்தாள். மருந்துத் தட்டில் அது மெல்லத் தெளிந்தது. வேர். வேரைச் சுற்றி வலைபோல எலும்பு. பக்கத்தில் இன்னொரு பல். அதற்கடுத்தும். அவள் வைத்தது ஒரே ஒரு பல். எலும்புக்குள்ளே, இன்னும் வெளிவராத பெரிய பற்கள் வரிசையாய்க் காத்திருந்தன.

பல்லை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். கண்ணை மூடி ஆஸ்பத்திரி ஓட்டின் மேல் எறிந்தாள். டக். உருண்டது. நின்றது.

"எறிஞ்சிட்டேன்டீ தங்கம். எறிஞ்சிட்டேன்."

திரும்பி வந்தாள். இருட்டறைக் கதவைச் சாத்தினாள். கரண்டு போயிற்று.

படம் தட்டிலேயே கிடந்தது. கையை விட்டுத் துழாவினாள். மருந்து சில்லென்றிருந்தது. பிறகு வெதுவெதுப்பாய்.

சின்னப் பற்கள் அவள் விரலைப் பிடித்தன. வலிக்காமல். பல்பொடி தேய்த்துவிடும்போது சுஜிதா விளையாட்டாய்க் கடிப்பாளே, அப்படி.

முன்னால் ஒரு பல் இல்லை.

அந்த இடத்தில், விரலின் சதையைக் கீறிக்கொண்டு, ஏதோ மெல்ல மேலே வந்தது.

ஈவா விரலை உருவவில்லை.