விஜயகலாவின் வெள்ளை பெல்ட்

றக்வானையில் மண் சரிந்த அன்று விஜயகலா கராத்தே வகுப்பில் இருந்தாள். திரும்பி வந்தபோது அவர்கள் குடியிருந்த லயம் இல்லை. அம்மா வேலையில் இருந்ததால் தப்பினார். விஜயகலாவுக்கு மிஞ்சியது உடம்பில் கிடந்த கராத்தே உடுப்பும் இடுப்பில் இருந்த பிரவுண் பெல்ட்டும்தான். அடுத்தது கறுப்பு பெல்ட். அதற்குள் எல்லாம் நின்றுபோனது.

இப்போது கரவனெல்லைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் அம்மா பால் வெட்டுகிறார்.

"டவுன்ல ரெண்டு எடத்துல கராத்தே சொல்லித் தாராங்களாம். எதுல சேரப் போற?"

"பாத்துட்டுச் சொல்றேன்மா."

முதல் இடத்தில் அலுமாரி நிறையக் கோப்பைகள். மாஸ்டருக்கு அவளுடைய பெல்ட்டைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"பிரவுணா? கழட்டாத! முன்னுக்கு நில்லு. போட்டிக்கு நீதான்."

விஜயகலாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாஸ்டர் ஒரு சின்னப் பெண்ணை அவள் முன்னால் தள்ளிவிட்டார்.

"அடி!"

அந்தப் பிள்ளை கையைக்கூடத் தூக்கவில்லை. விஜயகலாவின் குத்து அவள் மூக்குக்கு முன்னால் நின்றது. பயத்தில் பின்வாங்கிய பிள்ளை இடறி விழுந்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

"அடிக்கச் சொன்னா தடவிக் குடுக்கிறியா?" என்று மாஸ்டரும் சிரித்தார்.

விஜயகலா அவளைத் தூக்கிவிட்டாள். வெளியே குழாயடியில் சிராய்ந்த முழங்கையைக் கழுவினாள். அந்தப் பிள்ளையின் பெயர் ஷிப்னா.

"ஏன் அக்கா அடிக்கல்ல?"

"நீ தடுக்கவே இல்லையே."

"தடுக்கத் தெரியாதே. பெருநாளுக்கு முந்தியே சேர்ந்தேன். இன்னும் சொல்லித் தரல்ல."

இரண்டாவது இடம் ஒழுகும் மண்டபம். நடுவில் ஒரு வாளி, அதைச் சுற்றிப் பயிற்சி. சிவனேஸ்வரி டீச்சர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"எங்கட முறை வேற, பிள்ளை. இஞ்ச எல்லாரும் வெள்ளையிலதான் தொடங்கோணும்."

விஜயகலா பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். "இது மண்சரிவுல மிஞ்சுனது, டீச்சர்."

"அதை ஒருத்தரும் பறிக்க மாட்டினம். கவனமா வச்சிரு. ஆனா இஞ்ச கட்டேலாது."

விஜயகலா சுவரோரம் நின்று பார்த்தாள். நன்றாகச் சண்டை போடுகிறவர்களை அவள் பார்க்கவில்லை. ஆகச் சின்னப் பையனைத்தான் பார்த்தாள். அவன் விழுந்தான். விழுத்தியவனே கைகொடுத்துத் தூக்கி, கால் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. யாரும் அதைச் செய்யச் சொல்லவும் இல்லை.

வீட்டில் அம்மா வாயைப் பிளந்தார். "வெள்ளையா? இத்தன வருசம் படிச்சிட்டு, மறுபடி மொதல்ல இருந்தா?"

"நாமளும் இங்க மொதல்ல இருந்துதானேம்மா தொடங்குனோம்."

சனிக்கிழமை விஜயகலா பிரவுண் பெல்ட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். டீச்சர் கொடுத்த வெள்ளை பெல்ட்டைக் கட்டினாள். அவள் கூப்பிட்டிருந்த ஷிப்னா, அதேபோல ஒன்றைக் கட்டிக்கொண்டு வாசலில் காத்திருந்தாள்.

"நில்லுடி, முடிச்சு கோணலா இருக்கு." வேலை முடிந்து அப்போதுதான் வந்த அம்மா விஜயகலாவின் முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினார். பிறகுதான் தன் விரல்களைப் பார்த்தார். "ஐயையோ, பெல்ட்டெல்லாம் றப்பர் பால்! கழுவினாலும் போகாதே. கறுத்துப் போயிருமே!"

"கறுக்கட்டும்மா" என்றாள் விஜயகலா. "எப்படியும் கறுப்புக்குத்தானே போறேன்."