மூன்றடி குறைந்த வீடு

பதின்மூன்று வருடமாக ஆளில்லாத வீட்டின் முற்றத்தில் விளக்குமாற்றின் கோடுகள் புதிதாக இருந்தன. வாசற்படியிலிருந்து கிணற்றடி வரை மணல் வரிவரியாகக் கூட்டப்பட்டிருந்தது. அதில் ஒரு காலடியும் இல்லை.

உம்மு ஸல்மா அந்தக் கோடுகளை மிதிக்காமல் ஓரமாக நடந்தாள். யுத்த நிறுத்தம் வந்தபின், பழைய வீடுகளையும் தோட்டங்களையும் பார்க்க வருகிறவர்களை மன்னார்க் கரையோரத் தெருக்களில் நடத்திக் கூட்டிப்போவது அவள் வேலை. வளைவு வாசல், பவளக்கல் சுவர், முற்றத்து மாதுளை என்று ஒவ்வொன்றாகக் காட்டுவாள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்குள் நுழைய வேறு வழி இல்லாததால்தான் அந்த வேலைக்கே வந்தாள். தொண்ணூறில் ஆயுதத்தோடு வந்தவர்கள் முஸ்லிம்களை மன்னார்த் தீவை விட்டுப் போகச் சொன்ன அன்று, பதினேழு வயதுத் தங்கை கைருன்னிசா உம்மாவின் மருந்தை எடுத்துவரப் படகடியிலிருந்து வீட்டுக்கு ஓடினாள். படகு புறப்படும்வரை அவள் வரவில்லை.

இது அந்த வீடு. தனியே நுழைய அவளுக்கு இதுவரை துணிவு வந்ததில்லை.

இன்று வந்திருந்தவர் ஒருவர்தான்: கட்டடக்கலை படிப்பிக்கும் சிவசுப்பிரமணியம். நடுப்பகல் வெயிலில் வெளிச்சுவரை அளந்துவிட்டு, உள்ளே வந்து நடு அறையையும் அளந்தார்.

"வெளியால பதினாறு அடி. உள்ளுக்குப் பதின்மூண்டுதான் வருது."

"பழைய சுவர், நல்ல தடிப்பு, சேர்."

"தடிப்பையும் கழிச்சுத்தான் சொல்லுறன். இந்தச் சுவருக்குப் பின்னால மூண்டடி இடம் கிடக்கு."

அவள் பிறந்த அறை அது. அங்கே அப்படியொரு சுவர் இருந்ததில்லை.

உடைந்த ஜன்னலால் வந்த உப்புக்காற்றும், வௌவால் எச்சத்தின் புளித்த வாடையும், தூரத்தே கடல் பின்வாங்கும் இரைச்சலும் கலந்து கிடந்த அந்த அறையில், அவள் மெல்ல நடந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தபோது, சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. அப்பால் யாரோ மூச்சை அடக்கி நிற்பதுபோல் இலேசாகச் சூடாகவும் இருந்தது.

பிறகு தட்டும் ஓசை. உள்ளிருந்து.

"ராத்தா, படகு போயிட்டுதா?"

அக்காவை அழைக்கும் பதினேழு வயதுக் குரல். சிவசுப்பிரமணியத்தின் கையிலிருந்து அளவுநாடா விழுந்தது. அவருக்கும் கேட்டிருந்தது.

"போகல்ல," என்றாள் உம்மு ஸல்மா. "உனக்காகத்தான் நிக்குது. மருந்து கிடக்கட்டும். நீ வா."

நகத்தால் சுரண்டினாள். ஒரு கல் அசைந்தது. இழுத்தாள். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. உள்ளே இருட்டு.

"வாங்கோ, போவம். ஆக்களைக் கூட்டிக்கொண்டு வருவம்," என்றார் சிவசுப்பிரமணியம்.

"பதின்மூண்டு வருஷம், சேர். இன்னொருக்காவும் விட்டுட்டுப் போகச் சொல்லுறீங்களா?"

தோள்வரை கையை நுழைத்துத் துழாவினாள். ஒரு கை அவள் கையைப் பிடித்தது. மெலிந்த, வெதுவெதுப்பான கை.

"கைரு," என்று அழுதாள். "கைரு."

பிடி இறுகியது.

சிவசுப்பிரமணியம் அவளுடைய மற்றக் கையைப் பிடித்திழுத்தார். "விடுங்கோ, பிள்ளை."

"நான் எப்பவோ விட்டுட்டன், சேர்."

உள்ளே சாந்து குழைக்கும் ஓசை. நிதானமாக.

அவளது தோளுக்கு மேலிருந்த இடைவெளியால் இன்னொரு கை வெளியே வந்தது. முழங்கை வந்தது. இன்னும் வந்தது. தரைவரை வந்தது.

சிவசுப்பிரமணியத்தின் பிடி விட்டது.

அந்தக் கை விழுந்த கல்லைத் தடவி எடுத்தது. அவளது தோளுக்கு மேல் பொருத்தியது. பிறகு, அவசரமே இல்லாமல், அவள் தோளைச் சுற்றி ஈரச் சுண்ணாம்பைப் பூசத் தொடங்கியது.