மூலை வெட்டிய ஜெல்

நாகலெட்சுமி அட்டன் நகர இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்தபோது, அவள் இடுப்பிலிருந்த ஒன்பது மாதக் குழந்தை வெளிறிப்போய்க் கிடந்தது. கூடத்தின் தலைவர் பாலச்சந்திரன் உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.

"நான் ரத்தத்த மாத்தலீங்க ஐயா. ஞாயித்துக்கெழம எல்லாரையும் கூட்டி என்னையப் பொறந்த வீட்டுக்கு அனுப்பப் போறாங்க. நீங்கதான் உண்மையச் சொல்லணும்."

விஷயம் இதுதான். மூன்று வருடத்துக்கு முன், 2001இல், அவள் அக்கா பூரணியை மாமன் மகன் சோலைமலைக்குப் பேசினார்கள். சோலைமலையின் தம்பி தலசீமியா என்ற இரத்த நோயில் சின்ன வயதிலேயே செத்தவன். அதனால் உறவில் ஆறு பேர் இங்கே இரத்தம் கொடுத்தார்கள். சோலைமலைக்கும் பூரணிக்கும் மரபணுவில் குறை உண்டு, நாகலெட்சுமிக்கு இல்லை என்று முடிவு வந்தது. தாய் தகப்பன் இருவருக்கும் குறை இருந்தால்தான் பிள்ளைக்கு நோய் வரும். ஆகவே பெண்ணை மாற்றினார்கள். தங்கை மணவறையில் உட்கார்ந்தாள். இப்போது அவள் பிள்ளைக்கே அந்த நோய். மாப்பிள்ளை மேல் ஆசைப்பட்டு இரத்தம் பிடித்த குழாய்களை மாற்றிவிட்டாள் என்று மாமனார் கந்தப்பன் சொல்ல, தோட்டத்து லயக் குடியிருப்பே நம்பிவிட்டது.

ரஜனியும் நம்பினாள். அன்று அந்தச் சோதனையைச் செய்தவள் அவள்தான். ஜெல் என்ற கூழ்ப் பாளத்தின் குழிகளில் ஒவ்வொருவரின் மரபணுத் துணுக்கையும் இட்டு, மின்சாரம் பாய்ச்சி, சாயத்தில் ஊறவைத்து, புற ஊதாக்கதிரில் கோடு பார்ப்பது. குறை இருந்தால் ஒரு கோடு கூடுதலாகத் தெரியும். மின்சாரத்தை நிறுத்தாமல் அவள் மூடியைத் திறந்ததில்லை. முகக்கவசமில்லாமல் கதிரைப் பார்த்ததில்லை. நஞ்சான அந்தச் சாயத்தை வெறுங்கையால் தொட்டதுமில்லை. இப்படிப்பட்டவளுக்குத் தன் கை தவறியிருக்கும் என்று நினைக்க மனம் வருமா?

"குழாய்தான் மாறியிருக்கு சேர்," என்றாள், நாகலெட்சுமி போனதும்.

பாலச்சந்திரன் பழைய பதிவுக் கொப்பியைக் கேட்டு வாங்கி, அவசரமில்லாமல் படித்தார்.

"கந்தப்பனுக்குக் குறை இல்லையெண்டு எழுதியிருக்கிறீர். அவற்ற மகன் இந்த நோயில செத்தவன் எல்லோ? தகப்பனுக்குக் குறை இல்லாமல் அது எப்பிடி வரும்?"

ரஜனி குனிந்து அந்த வரியைப் பார்த்தாள். அவர் தொடர்ந்தார்.

"அக்கா தங்கச்சியின்ர குழாய் மாறினால் அவை ரெண்டு பேற்ற முடிவுதான் மாறும். கந்தப்பன்ர முடிவு ஏன் மாறினது? முழு வரிசையும் மாறியிருக்கு, பிள்ளை. ஜெல்லில எந்த மூலையை வெட்டி அடையாளம் வைப்பீர்?"

"முதலாம் ஆளின்ர பக்கம். மேல இடது மூலை."

அவர் கொப்பியில் ஒட்டியிருந்த ஜெல் படத்தைத் திருப்பிக் காட்டினார். வெட்டு வலது மூலையில் இருந்தது. பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே ஒரு குறிப்பு: 'சிறிய கையுறை தீர்ந்துவிட்டது.'

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. தொளதொளத்த பெரிய கையுறையில் ஜெல் வழுக்கிக் கவிழ்ந்தது. எடுத்து வைத்தாள், குப்புறத்தான் வைத்திருக்கிறாள். இரண்டு ஓரத்திலும் ஒரேமாதிரி அளவுக் கோடுகள் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை. முதலாவதாக இருந்த பூரணி ஆறாவதானாள். ஆறாவதாக இருந்த நாகலெட்சுமி முதலாவதானாள். கந்தப்பனின் இடமும் அப்படியே இன்னொருவரோடு மாறியது. நடுவில் அடுத்தடுத்து இருந்த சோலைமலைக்கும் அவன் அத்தைக்கும் குறை உண்டு. அதனால் அவர்கள் இடம் மாறியது தெரியவில்லை.

ஊகம் போதாது என்றார் பாலச்சந்திரன். சனிக்கிழமை சகோதரிகள் இருவரிடமும் புதிதாக இரத்தம் எடுத்து, குறை உண்டென்று நிச்சயமாகத் தெரிந்த ஒருவரின் மாதிரியையும் சேர்த்து ஓட்டினார்கள். கைக்கு அளவான உறையோடு ரஜனி ஜெல்லைத் தூக்கினாள். நாகலெட்சுமிக்குக் கூடுதல் கோடு இருந்தது, பூரணிக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் கூடியவர்களிடம் தானே பேசுவதாகப் பாலச்சந்திரன் சொன்னார். ரஜனி விடவில்லை. பிழை என்னுடையது, நாகலெட்சுமி எதையும் மாற்றவில்லை என்று எல்லாரும் கேட்கச் சொன்னாள். கந்தப்பன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். சோலைமலை மனைவியின் கையிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டான்.

பூரணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"இல்லை. ஒருநாளும் இருக்கேல்ல," என்றாள் ரஜனி.

"மூணு எடத்துல இருந்து பொண்ணு கேட்டு வந்தாங்க. வந்தவங்கள ரத்தம் பாத்துட்டு வாங்கன்னு எந்த வாயால சொல்றது? அதான் வேணாம்னுட்டேன்."

மன்னிப்புக் கேட்கத்தான் ரஜனி அவ்வளவு தூரம் வந்திருந்தாள். அதைக் கேட்க அவளுக்கு வாய் எழவில்லை.