கல் போட்டு அமுக்கிய ஷூ

இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்தது அம்பிகாவுக்கு. குன்னத்துக்குக் கிழக்கே விடிந்ததிலிருந்து மக்காச்சோளக் கதிர் ஒடித்துவிட்டு, கழுத்தெல்லாம் சுணை அரிக்க, முகம் கழுவத் தொட்டியில் சொம்பை விட்டவள் அப்படியே நின்றாள். சின்னவள் கவியாவின் புது ஷூ இரண்டும் அடியில் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கல்.

"எவ பாத்த வேல இது?"

"நாந்தாம்மா." நிலைப்படியில் சுவாதி. மூத்தவள். கபடியில் கிடைத்த சீட்டில் திருச்சியில் படிக்கிறாள், லீவுக்கு வந்திருந்தாள்.

"தங்கச்சி மெடல் வாங்கிட்டா ஒனக்குக் கொறஞ்சிருமாடி?"

சுவாதி தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கவியாவுக்கு இன்றுதான் முதல் பயிற்சி. கபடி சொல்லிக்கொடுக்கும் பாலசுந்தரம் சாரே பைக்கில் வந்து கூட்டிப்போவார். தங்கமான மனுசன் என்று தெருவே சொல்லும். ஆறு வருசத்துக்கு முன்னால் சுவாதியைச் சேர்த்தபோது, எல்லாரும் சொல்வதைத்தான் அம்பிகாவும் சொன்னாள்: "கண்ண மட்டும் வுட்டுட்டு மிச்சத்த நீங்க எடுத்துக்குங்க சார். இனிமே அவ ஒங்க புள்ள." அதற்கப்புறம் தோளில் கன்னிப்போயிருந்தால், ஆட்டத்தில் பட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்றால், "எங்களுக்கு வலிக்கலயாடி? வேலைக்குப் போவல?" தூக்கத்தில் அலறினால், "கனவுலயும் கபடி பாடிப் போறா பாரு" என்று புருசன் வீரமுத்து சிரிப்பான். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கையோடு இருந்தது.

மேகம் இறங்கிக் கரண்ட் போனது. மிக்ஸிச் சத்தம், டிவிச் சத்தம் எல்லாம் அடங்கிய தெருவில், ஏரிக்கரை வளைவில் ஒரு பைக் கியர் மாற்றுவது துல்லியமாகக் கேட்டது.

சுவாதியின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. மூச்சு நின்றது.

அம்பிகாவுக்கு அந்த உடம்பைத் தெரியும். பதினாறு வயதில், கல்லு வேலையில், மேஸ்திரியின் செருப்புச் சத்தம் பின்னால் கேட்டபோது அவள் உடம்பும் இப்படித்தான் நின்றது.

அய்யோ.

பைக் வாசலுக்கு வந்தது. நின்றது.

"வாங்க சார், வாங்க!" வீரமுத்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"அக்கா, கவியா ரெடியா?"

அம்பிகா கவியாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நாக்கு எழவில்லை. போகாதே. ஒரு வார்த்தை. வரவில்லை.

அவளை உரசிக்கொண்டு சுவாதி வெளியே போனாள்.

"அவ சின்னப் புள்ள சார். நான் வரேன்."

அவர் சிரித்தார். "தங்கச்சியக் கூப்புட்டா, எத்தன லீவுக்குத்தான் நீயே வருவ?"

எத்தனை லீவு.

சுவாதி பின்னால் ஏறினாள். அவர் முதுகு படாமல் விறைத்து உட்கார்ந்து, பின்பக்கக் கம்பியை இரண்டு கையாலும் பற்றினாள். விரல் வெளுத்தது. வண்டி நகரும்போது திரும்பி அம்மாவைப் பார்த்து, கண்ணாலேயே கதவைக் காட்டினாள். சாத்து.

அம்பிகா சாத்தினாள். தாழ் போட்டாள். உள்ளே கவியா. வெளியே பைக் சத்தம் தேய்ந்தது.

'அங்க என்னடி நடக்குது?' என்று ஆறு வருசத்தில் ஒருநாள்கூட அவள் சுவாதியைக் கேட்டதில்லை. பெற்றவள் மகளுக்குப் பட்ட கடன் அது. இன்னும் தீரவில்லை.